பீரோவில் ஒரு கை

எங்கள் மாமா வீட்டு இரும்புப் பீரோவில் ஒரு கை இருக்கிறது. பதற வேண்டாம். துப்பறியும் தொடர்கதைப் பக்கத்துக்குத் தவறி வந்துவிட்டோமோ என்று வாசகர்கள் சந்தேகப்பட வேண்டியதில்லை. அது சிலிக்கான் கை. ஐந்து விரல்களும் நகங்களும் உண்டு. புறங்கையில் பச்சை நரம்பு கூட ஓடுகிறது. மாமாவின் நிறம் பார்த்து, அளவெடுத்துச் செய்தது. வாங்கிக் கொடுத்தவன் அடியேன்தான். அது மாமாவின் முழங்கைக்குக் கீழே இல்லாமல் பீரோவின் மேல் தட்டில், பட்டுப் புடவைகளுக்கும் நிலப் பத்திரத்துக்கும் நடுவே ஏன் படுத்திருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன் நீங்கள் ஒரு சிறு காரியம் செய்ய வேண்டும். பக்கத்தில் பேனாவோ பென்சிலோ இருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள். கண்ணை மூடிக் கொண்டு அதன் நுனியால் முதலில் இந்தப் பத்திரிகைத் தாளைத் தடவுங்கள். பிறகு மேஜையை. பிறகு உடுத்தியிருக்கும் துணியை. எது வழவழப்பு, எது சொரசொரப்பு என்று தெரிகிறதல்லவா? எந்த இடத்தில் தெரிகிறது? பேனாவின் நுனியில்! ஆனால் பேனாவுக்கு ஏது நரம்பு? உங்கள் விரல்கள் தொட்டுக் கொண்டிருப்பது பேனாவின் நடுப்பாகத்தை. அந்த இடத்தில் ஏற்படும் சின்னஞ்சிறு அதிர்வுகளை வாங்கிக் கொண்ட மூளை, "இது இங்கே நடப்பதல்ல, அங்கே நடப்பது" என்று தானாகத் தீர்மானித்து, உங்களை நான்கு அங்குலம் நீட்டி விட்டது.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இன்னோர் அனுபவமும் இருக்கும். லங்கா கார்னர் ரயில் பாலத்தின் அடியில் பஸ் நுழையும்போது, பஸ்ஸின் கூரைக்கும் பாலத்துக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தாலும், ஜன்னல் ஓரத்தில் நிற்பவர் ஒருவராவது தலையைக் குனிந்து கொள்வார். இடிக்கப் போவது அவர் தலை இல்லை என்று அவருக்குத் தெரியும். தலைக்குத்தான் தெரியாது.

இது இன்று நேற்றுக் கண்ட விஷயம் அல்ல. 1911-ஆம் ஆண்டிலேயே லண்டனைச் சேர்ந்த ஹெட், ஹோம்ஸ் என்னும் இரண்டு டாக்டர்கள், மூளைக்குள் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறதென்றும், அது நாம் கையாளும் பொருள்களையும் சேர்த்துக் கொள்ளுமென்றும் எழுதினார்கள். அவர்கள் காட்டிய உதாரணம் அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் தொப்பி! தொப்பியில் செருகிய இறகின் நுனி வரைக்கும் அந்த அம்மாளின் உடம்பு நீண்டு விடுகிறதாம். வாசற்படியில் இறகு இடிக்காமல் அவள் குனிந்து போவது அதனால்தான். நம்மூர் உதாரணம் கேட்டிருந்தால் தலைச்சும்மாட்டின் மேல் மூன்று குடம் வைத்துக் கொண்டு தாழ்வாரத்தில் நுழையும் பெண்களைக் காட்டியிருக்கலாம். போகட்டும்.

இனி மாமா கதைக்கு வருகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. 2008-ல், நான் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தபோது, அவர் வேலை பார்த்த பட்டறையில் பவர் பிரஸ் இறங்கி இடது கை நசுங்கிப் போயிற்று. எந்தப் பட்டறை என்று எழுதப் போவதில்லை. கையைக் காக்கும் தடுப்பை யாரோ கழற்றி வைத்திருந்தார்கள் என்பதோடு விட்டு விடுகிறேன். சுத்தமாக அறுந்து போன கையைத் திரும்பப் பொருத்தி உயிர் கொடுப்பதில் கோயமுத்தூர் பெயர் பெற்ற ஊர். கங்கா மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சை கற்றுக் கொள்ள வெளிநாட்டு டாக்டர்கள் கூட வருகிறார்கள். ஆனால் நசுங்கிய கையின் விதி வேறு. ஒட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே எடுத்து விட்டார்கள்.

அடுத்த இரண்டு வருஷம் மாமா இரவில் தூங்கவில்லை. இல்லாத கை மூடிக் கொண்டு விட்டது என்பார். விரல்கள் இறுக மடங்கி, நகங்கள் உள்ளங்கையில் பதிந்து கிடக்கின்றனவாம். விரிக்கவும் முடியாது, தேய்த்து விடவும் முடியாது. எங்கள் அமுச்சி வேப்பிலை அடித்துப் பார்த்தாள். நான் படித்த பிள்ளையாயிற்றே, புத்தகம் தேடினேன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டி வைத்தியம் அகப்பட்டது. முகம் பார்க்கும் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, இருக்கும் வலது கையை அதன் முன்னே நீட்டினால், கண்ணாடிக்குள் இடது கை தெரியும். வலது கையை விரித்தால் அதுவும் விரியும். அதைப் பார்த்த மூளை, போன கையும் விரிந்து விட்டதாக ஏமாந்து ஆறுதல் அடையும். இதனால் சிலருக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது, சிலருக்கு இல்லை. மாமாவுக்குக் கண்ணாடி முன்னால் இருக்கும் வரை குணம், எழுந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

அவருக்கு வைத்தியம் வேறு இடத்திலிருந்து வந்தது.

அன்னூருக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றை மாமா ஆரம்பித்தார். வெளியூர் வாசகர்களுக்கு இந்தத் தொழிலின் மகிமை தெரியாமல் இருக்கலாம். 1937-ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டார் செய்து காட்டிய ஜில்லா இது. பம்புசெட் இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் தென்னையும் இல்லை, வாழையும் இல்லை. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிப் போய்விட்ட பூமியில், சித்திரை வெயிலில் வோல்டேஜ் குறைந்து மோட்டார் புகைந்தால், அன்றைக்கே கட்டியாக வேண்டும். கருகிய செப்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்து விட்டுப் புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி, காடிகளில் இறக்க வேண்டும். ஒரு கை சுற்றும். மற்றொரு கை கம்பியின் விசையைப் பிடித்திருக்கும். விசை தளர்ந்தால் காயில் தொளதொளக்கும். கூடினால் கம்பி இழுபட்டு மேல் பூச்சு போய்விடும். ஆக, அந்த மற்றொரு கைதான் தொழிலே.

மாமா தாமே ஒரு சாதனம் செய்து கொண்டார். முழங்கை வரை வரும் தடித்த தோல் உறை, இரண்டு வார், முனையில் வளைந்த எஃகுக் கொக்கி, கொக்கியின் வளைவில் கம்பி ஓடுவதற்கு அரத்தால் ராவிய ஒரு பள்ளம். அவ்வளவுதான். பார்க்க அழகாக இராது. முதல் மாதம் கம்பியை அறுத்துக் கொண்டே இருந்தார். ஆறாம் மாதம் கடையில் இரண்டு கையுள்ள பையன்களுக்கு விசை சொல்லிக் கொடுத்தார்.

ஒரு நாள் கேட்டேன். "கம்பி அறுந்து போகும்னு உங்களுக்கு எப்படி மாமா முன்னாடியே தெரியுது?"

"கொக்கி முனையிலெ கூசும் மாப்ளே" என்றார், ஏதோ எல்லோருக்கும் கூசுவது போல.

"அப்போ அது கை மாதிரியே ஆயிருச்சுங்களா?"

மாமா சற்று யோசித்தார். "கையா? கையெல்லாம் இல்லெ. கொக்கிதான். ஆனா என்ற கொக்கி."

அப்புறம்தான் அதைச் சொன்னார். காலையில் கொக்கியை மாட்டி வாரை இழுத்துக் கட்டியதும், மூடிக் கிடக்கும் விரல்கள் மெள்ளப் பிரிந்து கொக்கியின் மேல் போய் உட்கார்ந்து கொள்கின்றனவாம். வேலை ஓடும் வரைக்கும் வலி இல்லையாம்.

இந்த இடத்தில் நான் நிறுத்திக் கொண்டிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. 2017-ல் என் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் என்றால் சாமிக்கு அடுத்த ஸ்தானம். சீர்த்தட்டு ஏந்தி வர வேண்டியவர் அவர். "மணவறைக்குப் பக்கத்திலெ இரும்புக் கொக்கியோடவா?" என்று சொந்தத்தில் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களைச் சொல்லி என்ன பயன்? கல்யாணப் போட்டோவில் கொக்கி விழக் கூடாது என்ற ஆசை எனக்கே இருந்தது. மூன்று மாதச் சம்பளத்தைப் போட்டு அந்த சிலிக்கான் கையை வாங்கி வந்தேன். மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னதெ விட அழகா இருக்குதே!" என்றார். மறு வார்த்தை சொல்லாமல் மாட்டிக் கொண்டார்.

தேங்காய், பழம், பட்டு, மஞ்சள் எல்லாம் அடுக்கிய தட்டு. வலது கையால் விளிம்பைப் பிடித்து, சிலிக்கான் கையை அடியில் கொடுத்து ஏந்தி வந்தார். மேளம் கொட்டியது. பத்து அடி வைத்திருப்பார். தட்டு இடப் பக்கம் சாயத் தொடங்கியது. எதிரே நின்ற எங்கள் அனைவருக்கும் சாய்வது தெரிந்தது. மாமா ஒருவருக்குத்தான் தெரியவில்லை. மேளத்தையும் மீறி ஒரு சத்தம். தேங்காய்கள் பந்தல் முழுவதும் உருண்டன. யாரோ ஒரு கிழவி "அய்யோ, அபசகுனம்" என்றாள்.

அன்று மாலை அம்மாவிடம், "ஒரு அஞ்சு நிமிஷம் கவனமாப் பிடிச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். மாமா கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கையின் பட்டையை அவிழ்த்துக் கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. கை பீரோவுக்குள் போயிற்று.

நான் கேட்ட கேள்வி எவ்வளவு மடத்தனமானது என்பது வெகு நாள் கழித்து, பத்திரிகை வேலைக்காக இந்த ஆராய்ச்சிகளைப் படித்தபோதுதான் உறைத்தது.

1996-ல் ஜப்பானில் அட்சுஷி இரிகி என்பவரும் அவருடைய சகாக்களும் குரங்குகளுக்கு ஒரு வேலை கற்றுக் கொடுத்தார்கள். கைக்கு எட்டாத தூரத்தில் தீனி இருக்கும். நுனியில் குறுக்குக் கட்டை வைத்த சிறு கோலால் அதை இழுத்துக் கொள்ள வேண்டும். குரங்கின் மூளையில் சில உயிரணுக்கள் உண்டு. கையைத் தொட்டாலும் விழித்துக் கொள்ளும், கைக்குப் பக்கத்தில் ஏதாவது தெரிந்தாலும் விழித்துக் கொள்ளும். கோலைச் சில நிமிஷங்கள் உபயோகித்த பிறகு, அதே அணுக்கள் கோலின் நுனிக்கு அருகே தெரிந்தவற்றுக்கும் விழித்துக் கொண்டன. கையின் எல்லை கோலின் நுனிக்குப் போய்விட்டது! இனிமேல்தான் முக்கியம். தீனி இழுக்காமல் கோலைச் சும்மா பிடித்துக் கொண்டிருந்தால், எல்லை பழையபடி கைக்கே சுருங்கி விட்டது. அதே கோல், அதே கை. வேலை இல்லை, அதனால் உறவும் இல்லை.

நான் வாங்கிக் கொடுத்த கை ஒரு நாளாவது வேலை செய்ததா? அது மாமாவிடமிருந்து எதையும் வாங்கவும் இல்லை, அவருக்கு எதையும் சொல்லவும் இல்லை. தட்டு சாய்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

"பார்வைக்குக் கை போல இருந்தால் மூளை ஏற்றுக் கொள்ளாதா?" என்று நீங்கள் கேட்கலாம். சற்று நேரம் ஏற்றுக் கொள்ளும்தான். 1998-ல் போட்வினிக், கோஹன் என்ற இருவர் ஒரு வேடிக்கை செய்தார்கள். உங்கள் கையை ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்து, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைப்பார்கள். இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி தூரிகையால் வருடுவார்கள். சில நிமிஷங்களில் ரப்பர் கையிலேயே வருடல் தெரியத் தொடங்கும். ஆனால் கண் பார்ப்பதும் தோல் உணர்வதும் தாளம் பிசகினால் மாயம் அநேகமாகக் கலைந்து விடுகிறது. மூளை உருவத்தைப் பார்த்து மயங்குவதை விடத் தாளத்தைக் கேட்டு மயங்குகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2018-ல் பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் செய்த பரிசோதனையைப் படித்தபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மரக் கோல் ஒன்றைக் கையில் பிடித்திருப்பவர்கள், அந்தக் கோலின் மேல் எந்த இடத்தில் தட்டுப்பட்டது என்பதைப் பார்க்காமலே, தங்கள் கையின் மேல் பட்டதைச் சொல்வது போல அவ்வளவு சரியாகச் சொன்னார்களாம். ஒவ்வோர் இடத்தில் தட்டும்போதும் கோல் ஒவ்வொரு விதமாக அதிர்கிறது. அந்த அதிர்வை மூளை படித்து விடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னூருக்குப் பஸ் ஏறி விட்டேன்.

மாமாவைக் கண்ணை மூடிக் கொள்ளச் சொன்னேன். சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாதென்று பக்கத்தில் ஓடிக் கொண்டிருந்த மோட்டாரை நிறுத்த வேண்டாமென்றேன். ஒரு டெஸ்டரின் முனையால் கொக்கியை இங்குமங்கும் தட்டினேன்.

"முனையிலெ... வளைவுலெ... இப்பத் தோலுக்குக் கிட்டெ... மறுக்கா முனை..."

பத்துக்கு எட்டு சரி. தவறிய இரண்டும் ஒரு விரற்கடை தூரந்தான். பதினோராவது தடவை தட்டாமலே, "எங்கே மாமா?" என்றேன்.

"நீ இன்னும் தட்டவே இல்லியே! இதுக்கெல்லாம் உங்க பத்திரிகைலெ சம்பளம் குடுக்கறாங்களா?"

அன்றுதான் இன்னொரு ஆராய்ச்சியையும் அவருக்குச் சொன்னேன். டமார் மேக்கின் என்ற அம்மையாரின் குழுவினர் இங்கிலாந்தில் செயற்கைக் கை அணிந்தவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். அன்றாடம் அதை உபயோகிப்பவர்களின் மூளை அந்தச் செயற்கைக் கையைக் கை என்ற கணக்கிலும் எழுதவில்லையாம், கருவி என்ற கணக்கிலும் எழுதவில்லையாம். தனிக் கணக்குத் திறந்திருக்கிறதாம். 2020-ல் வெளியான முடிவு இது. மாமா சிரித்தார். "இதெத்தான் நான் அன்னிக்கே சொன்னனே" என்றார். உண்மைதான். சொல்லியிருந்தார்.

மேக்கின் அம்மையார் பங்கு கொண்ட மற்றோர் ஆராய்ச்சி 2025-ல் வெளியாயிற்று. கையை எடுப்பதற்கு முன்பும், எடுத்த பிறகு வருஷக்கணக்கிலும் மூன்று பேருடைய மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். போன கையின் இடத்தைப் பக்கத்திலுள்ள முகத்தின் பகுதி ஆக்கிரமித்துக் கொள்ளும் என்று ராமச்சந்திரன் முதலியோர் சொல்லி வந்தது அங்கே காணப்படவில்லை. கையின் வரைபடம் அப்படியே இருந்தது. மாமாவின் மூடிய கை எங்கேயும் போகவில்லை. அது காலையில் வேலைக்குப் போகக் காத்திருக்கிறது.

போன வருஷம் நகரத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர், மாமாவைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு ரோபோக் கையைத் தூக்கிக் கொண்டு வந்தார்கள். பேட்டரியில் ஓடுவது. தசையின் துடிப்பைக் கேட்டு விரல்களை மூடித் திறக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள். மாமா மூன்று நாள் அதை மாட்டிக் கொண்டு கடையில் உட்கார்ந்தார். நாலாம் நாள் மிகுந்த மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்.

"நான் சொல்றதெ இது கேக்குதுங் தம்பி. இது என்ற கிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது."

உலகத்துப் பெரிய ஆய்வுக் கூடங்களிலும் இதே குறையைத் தீர்க்கத்தான் பாடுபடுகிறார்கள். ரோபோ விரல் தொட்டதை மின்துடிப்பாக நரம்புக்கு அனுப்பும் முயற்சிகள் நடந்து வருகின்றன. அறுவை சிகிச்சை செய்யும் ரோபோ யந்திரங்கள் கோயமுத்தூர் மருத்துவமனைகளுக்கும் வந்து விட்டன. அவற்றில் பலவற்றில் டாக்டருக்குத் திசுவின் இறுக்கம் கையில் தெரியாது. நூல் இழுபடுவதைத் திரையில் கண்ணால் பார்த்தே விசையை ஊகிக்கிறார்கள். பழகப் பழகக் கண் கைக்குப் பதிலாளாகி விடுகிறது.

இதற்குக் கூலி உண்டா என்றால், சிறிது உண்டு போலத் தெரிகிறது. லண்டனில் சுண்டுவிரல் பக்கம் ஆறாவது விரலாக ஒரு ரோபோக் கட்டைவிரலைப் பொருத்தி, கால் பெருவிரலால் அதை அசைக்கக் கற்றுக் கொடுத்தார்கள். ஐந்து நாளில் ஒரே கையால் கோப்பையையும் பிடித்து, கரண்டியால் கலக்கவும் செய்தார்கள்! ஆனால் மூளைக்குள் சொந்த விரல்களின் படங்கள், முன்னைப் போல ஒன்றிலிருந்து ஒன்று அவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கவில்லை. ஒரு வாரம் கழித்து மீண்டும் படம் பிடிக்க வந்த சிலரிடம் அந்த மாறுதல் மறைந்து வருவதாகத் தோன்றியது. 2021-ல் இதை வெளியிட்டார்கள். விருந்தாளி வந்தால் வீட்டார் சற்று நெருக்கி உட்காருவதில்லையா, அப்படி.

இப்போது என் தங்கைக்கு ஒரு பெண் குழந்தை. அடுத்த மாதம் அவிநாசியில் காது குத்து. இந்த முறை தாய்மாமன் நான். குழந்தையை மடியில் வைத்துக் கொள்ள வேண்டியவன். இரண்டு கையும் குழந்தையிடம் மாட்டிக் கொள்ளுமாகையால், சீர்த்தட்டு ஏந்த ஆள் வேண்டும். அழைப்பிதழோடு மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை காப்பி கொடுத்தார்கள். பீரோ திறந்திருந்தது. சிலிக்கான் கைக்கு யாரோ ஒரு டஜன் கண்ணாடி வளையல் மாட்டி வைத்திருந்தார்கள். பேத்தியின் வேலையாம்.

"மாமா, தட்டு நீங்கதான் எடுத்துட்டு வரோணும்" என்றேன்.

மாமா அழைப்பிதழைக் கொக்கியால் தூக்கித் தேதியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"எதெ மாட்டிட்டு வர்றது மாப்ளே?"

"அன்னைக்கு நான் பேசினது தப்புங்க மாமா. கொக்கியோடவே வாங்க."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை தலைப்பால் மூக்கைத் துடைத்துக் கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

"அப்படீன்னா தோலு மாத்தோணும்" என்றார் மாமா. "பழசு வேர்வை நாத்தம் அடிக்குது. நாளைக்குச் சித்தெ கோயமுத்தூர்லெ நல்ல தோலாப் பாத்து வாங்கிட்டு வா. தடிப்பா இருக்கோணும், ஆமா."